நல்ல கால் முதலில்

பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தின் நடுவில் நின்றுபோனது 2019-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி. மும்பைப் பக்கம் குடியிருக்கும் எவரும் அந்த நாளை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். எனக்கு அந்த வாரம் மறவாதிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு மூன்றாம் நாள் காலையில், கல்யாணில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில், ஏழு மாதக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வழுக்கி விழுந்தேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாம் மாடி. மூத்தவனுக்கு அப்பொழுது நான்கு வயது, எல்.கே.ஜி. செல்லும் அவனுடைய பள்ளி வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இடது கையில் மகள், வலது கையில் அவனுடைய பையும் தண்ணீர்ப் புட்டியும். ஈரப் படியில் இடது பாதம் ஓரமாகச் சிக்கிக்கொண்டது. குழந்தையின் தலை சுவரில் மோதிவிடக்கூடாதே என்று உடலை மறுபக்கமாகத் திருப்பினேன். உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ ஒன்று "டப்" என்று அறுந்ததுபோன்ற ஓசை எனக்கே கேட்டது. குழந்தை அழக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று நானும் எண்ணிக்கொண்டேன். மாலைக்குள் முழங்கால் பலாக்கொட்டை வேகவைக்கும் பானையைப்போல வீங்கிவிட்டது.

முதலில் சென்ற மருத்துவமனையில் சுளுக்கு என்றார்கள். ஒரு கட்டுத் துணியைச் சுற்றி, இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழும்பவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைச் சொன்னவருக்கு வீட்டில் தவழும் குழந்தை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் பகுதியில் நகராட்சித் தண்ணீர் காலை ஐந்தரை மணிக்கு வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். என் கணவருக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவர் இரவு ஷிப்டில் இருக்கும் வாரத்தில் டிரம்மை நிரப்புவது யார்? மூத்தவனை வேனில் ஏற்றுவது யார்? ஆகவே பாதி நாள் படுத்திருந்தேன், மீதி நாள் சுவரைப் பிடித்து நொண்டினேன். படுத்திருக்கும்பொழுது இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டேன். அது எத்தனை பெரிய தவறு என்பது பின்புதான் தெரிந்தது. அப்படி மடங்கினவாறே கிடக்கும் கால் மெல்ல மெல்ல முழுவதும் நீளுவதை மறந்துவிடும். இரண்டு வாரம் கழித்து என் காலை நீட்டிப் பார்த்தபோது முழங்காலுக்கும் தரைக்கும் இடையில் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

செய்தி கேட்டு என் மாமியார் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் புறப்பட்டு வந்து சேர்ந்தார்கள். வந்த அன்றே குழந்தையைக் குளிப்பாட்டும் பொறுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் தாழ்ந்த பலகையில் அமர்ந்து, இரு கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்களே, அந்த முறையில்தான் நானும் என் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டியிருந்தேன். இப்பொழுது பலகையில் அமரவும் முடியாது, அமர்ந்தால் எழும்பவும் முடியாது. குளியலறை வாசலில் நாற்காலியில் இருந்துகொண்டு, அத்தையின் கால்களில் என் மகள் கைகொட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "மக்களே, புத்தூர்க் கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒருமுறை போய்வருவோம்" என்று அத்தை தினமும் சொல்வார்கள். எலும்பு முறிவுக்கு அங்கே செல்கிறவர்களை நானும் அறிவேன். ஆனால் எனக்கு முறிந்தது எலும்பா என்பதே அப்பொழுது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரத்தில்தான் நான் உண்மையாகவே பயந்தேன். அடுக்களை மேடையில் ரசத்தை இறக்கிக்கொண்டு திரும்பினேன். வலி ஒன்றும் இல்லை. திடீரென்று முழங்கால் தன் இடத்தைவிட்டு விலகினாற்போல் உடல் சரிந்தது. பாத்திரம் கையைவிட்டுப் போனது. கொதிக்கும் ரசம் தரையெங்கும் சிதறியது. மகள் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். ரசம் ஓடிய இடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அத்தை ஓடிவந்து அவளை வாரி எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவு என் கணவரிடம், "இனிமேல் நான் குழந்தையை நின்றுகொண்டு தூக்கமாட்டேன்" என்று சொன்னேன். சொன்னபடியே இரண்டு மாதம் தூக்கவில்லை.

அதன் பின்னரே எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் என் காலைச் சற்றே மடக்கிப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தார். மற்ற காலில் அசையாத எலும்பு இந்தக் காலில் முன்னே நழுவி வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது; மூட்டின் இடையில் பிறைவடிவில் இருக்கும் குருத்தெலும்பிலும் ஒரு சிறு கிழிசல். முழங்காலின் நடுவில் இரண்டு நார்கள் ஒன்றை ஒன்று குறுக்கே கடந்து செல்வதால் அவற்றுக்குச் சிலுவைத் தசைநார் என்று பெயர். முன்னால் இருப்பதை ஏ.சி.எல். என்பார்கள். விளையாட்டு வீரர்களைப் பற்றிய செய்திகளில் நாம் வாசிப்பது இதைத்தான். தொடையெலும்பின்மேல் கெண்டைக்கால் எலும்பு முன்னே நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. நேராக நடக்கையில் இது இல்லாமலும் சமாளிக்கலாம். பாதத்தை ஊன்றிக்கொண்டு உடலைத் திருப்பும்பொழுதுதான் கால் காட்டிக்கொடுக்கும். ரசம் கொட்டிய இரகசியம் அதுவே. இது அறுந்தால் எலும்பைப்போல எளிதில் கூடிவிடாது.

உடனே அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் மருத்துவர். செய்தால் சில வாரங்களுக்கு ஊன்றுகோல். பல மாதங்கள் பயிற்சி. பிள்ளையைத் தூக்கும் பேச்சே வேண்டாம். அத்தையோ இரண்டு மாதத்தில் ஊருக்குத் திரும்பியாக வேண்டும், அங்கே மாமாவுக்குச் சர்க்கரை நோய். எங்கள் முகம் வாடியதைக் கண்டு, "வேறு வழியும் உண்டு. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள். மூட்டு பூட்டிக்கொள்ளாமலும் விலகாமலும் இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடலாம். விலகினால் தாமதிக்காமல் வந்துவிடவேண்டும்" என்றார். இது ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதோ என்று நாங்கள் ஐயப்பட்டோம். செவிலியராகப் பணிபுரியும் என் தங்கைதான் விளக்கினாள். ஸ்வீடன் நாட்டில் இப்படித் தசைநார் அறுந்த 121 இளவயதினரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறு பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பின்பு அறுவை என்று நடத்திய ஆய்வு 2010-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்ததாம். இரண்டு ஆண்டு கழித்து இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபொழுதும் பயிற்சியில் தொடங்கியவர்களில் சுமார் பாதிப்பேருக்கு அறுவை தேவைப்படவில்லை. மீதிப் பாதியில் நான் இருப்பேனோ என்பதுதான் என் கவலை. ஒவ்வொருவர் முழங்காலும் ஒவ்வொரு விதம் என்பதை, இதை வாசிக்கும் சகோதரிகளும் மறவாதிருக்க வேண்டும்.

சபையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் ஆராதிப்பது ஒரு பள்ளிக்கூட ஹாலில். பாய் விரித்துத் தரையில்தான் அமர்வோம். ஜெப வேளையில் அனைவரும் முழங்காற்படியிடுவார்கள். சிறு வயதிலிருந்து முழங்காலில் நின்றே ஜெபித்துப் பழகிய எனக்கு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து எல்லாருடைய முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருப்பது மிகுந்த வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்தபின் ஒரு சகோதரி, "விசுவாசம் குறைவானதால்தானே மருத்துவரிடம் ஓடுகிறாய்?" என்று கேட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். போதகருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, புறப்படும்பொழுது, "பயிற்சியைத் தவறவிடாதேயுங்கள் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சகோதரியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்காலி வரிசையில் என் பக்கத்தில் இருந்தது மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகளாகக் கீழே அமரமுடியாத ஒரு வயதான அம்மா. "இங்கே மின்விசிறிக் காற்று நன்றாக வரும்" என்று முதல் நாளே என் காதில் கூறினார்கள். அந்த ஒரு சொல்லால் என் வெட்கத்தில் பாதி குறைந்தது.

இயன்முறைப் பயிற்சி கற்பித்தவர் ஒரு மராட்டியப் பெண். என்னை "தாயி" என்று அழைப்பார். மராட்டியில் அது அக்காள். தமிழ்க் காதுக்கு அது தாய் என்றே விழும். முதல் நாள் அவர் தையற்காரர் வைத்திருப்பதுபோன்ற அளவு நாடாவை எடுத்து, முழங்காற்சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளையும் அளந்தார். இடது தொடை இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. நார் அறுந்த மூட்டை இனித் தாங்கவேண்டியது தசை; அந்தத் தசையோ மூன்று வாரத்தில் இப்படி உருகிவிட்டது. எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது. படுத்திருப்பதால் கால் பிழைக்காது.

பிள்ளைகள் உறங்கிய பின்பு செய்யலாம் என்று எண்ணினேன். ஒரு நாளும் நடக்கவில்லை. அவர்களுக்கு முன்பே நான் உறங்கிவிடுவேன். "தனியாக நேரம் தேடாதீர்கள், இருக்கிற வேலைக்குள் நுழைத்துவிடுங்கள்" என்றார் அவர். குழந்தைக்குப் பால் கொடுக்கும்பொழுது கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்துவிடுவேன். தொடையின் முன்பக்கத் தசை இறுகுவது கைக்குத் தெரியும். ஒருமுறை பால் கொடுத்து முடிப்பதற்குள் இருபது முறை ஆகிவிடும். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தவேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்கு மூத்தவன் தன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். என் பெருவிரல் அவன் உள்ளங்கையைத் தொட்டால் ஒன்று. பள்ளியில் அவன் எண்ணிப் பழகியது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். என் காலை எண்ணி எண்ணியே தமிழில் இருபதுவரை கற்றுக்கொண்டான். ஒன்பதுக்குப் பின் பதினொன்றுக்குத் தாவி என் வேலையைக் குறைத்துவிட முயல்வான்.

அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோசை வேகும் நேரத்துக்குள் குதிகாலை உயர்த்தி இறக்குவேன். பல் துலக்கும்பொழுது ஒற்றைக் காலில் நிற்பேன். முதலில் மூன்று நொடிகூட நிற்க முடியவில்லை. காலை மடக்கப் பழகுவதற்கு, தரையில் முகப்பவுடரைத் தூவி, குதிகாலை வழுக்கி வழுக்கி உள்ளே இழுக்கச் சொன்னார். பவுடர் டப்பா பிள்ளைகளின் கையில் அகப்பட்ட அன்று வீடே வெள்ளையானது. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைப்பேன். வலி தாங்காத நாளில் மாத்திரை உண்டு. பால் கொடுக்கிறேன் என்று சொன்னபிறகு மருத்துவர் எழுதித் தந்தது பாராசிட்டமால். செய்தது அதிகமா என்பதற்கு மூட்டே சாட்சி சொல்லும். அன்று மாலையோ மறுநாள் காலையோ வீக்கம் கூடியிருந்தால் மிஞ்சிவிட்டோம் என்று பொருள். அடுத்த நாள் குறைத்துக்கொள்ளவேண்டும். வீங்கவில்லையென்றால் சற்றே கூட்டலாம்.

மாடிப்படிக்கு அவர் கற்பித்த விதி இதுதான்: ஏறும்பொழுது நல்ல கால் முதலில், இறங்கும்பொழுது நோயுற்ற கால் முதலில். நல்லவை மேலே போகும், கெட்டவை கீழே போகும் என்று நினைவில் வைக்கச் சொன்னார். இதைச் சபைப் பெண்களிடம் சொன்னபோது அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்க்கவேண்டுமே! சமதரையில் நடப்பதைவிடப் படியிறங்குகையில் முழங்காலில் விழும் பாரம் அதிகம்; நம் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதனால்தான் கைப்பிடிச் சுவரும் அந்த ஒழுங்கும். திரும்பவேண்டுமானால் இடுப்பை முறுக்கக்கூடாது. பாதங்களைச் சிறு சிறு அடியாக எடுத்துவைத்து, காவலர்கள் அணிவகுப்பில் திரும்புவதுபோலத் திரும்பவேண்டும். கொதிக்கும் பாத்திரத்தோடு நான் இன்றும் அப்படித்தான் திரும்புகிறேன்.

எல்லாம் பொறுமையாகச் செய்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். தரையில் கிடந்த பொம்மைக் காரில் கால் பட்டுத் தடுமாறிய ஒரு நாள், நான்கு வயதுப் பிள்ளையை, அவன் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லத்தக்க விதத்தில் திட்டினேன். அவன் அந்தக் காரை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து நின்றான். அதைவிட வேதனை மகளால் வந்தது. இரண்டு மாதம் தூக்காமலிருந்ததில் அவள் அத்தையோடு ஒட்டிக்கொண்டாள். இரவில் விழித்து அழுதால் என்னிடம் வரமாட்டாள். என் தோளைத் தாண்டி அத்தையின் பக்கம் கை நீட்டுவாள். அத்தைக்கே அது சங்கடமாக இருந்தது. உறங்குவதுபோலக் கண்களை மூடிக்கொள்வார்கள்.

அக்டோபர் கடைசியில் அத்தை ஊருக்குப் புறப்படவேண்டிய நாள் நெருங்கியது. பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, அதிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமரச் சொன்னார். எழுந்தேன். பின்பு ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொன்னார். எழுந்தேன். "குழந்தை எத்தனை கிலோ?" என்று கேட்டார். எட்டரை என்றேன். "அரிசி நெளியாது, குழந்தை நெளியும். முதலில் கட்டில் பக்கத்தில் தூக்குங்கள். கால் விலகினாலும் இரண்டு பேரும் மெத்தையில்தான் விழுவீர்கள்" என்றார். அன்று மாலை கட்டிலுக்கு முன் நாற்காலியைப் போட்டு, என் கணவர் ஒருபுறமும் அத்தை மறுபுறமும் காவலாக நிற்க, மகளோடு எழுந்து நின்றேன். அவள் என் தாலிச்சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். தரையிலிருந்து தூக்குவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அவளையே கட்டில்மேல் ஏறி நிற்கப் பழக்கினோம். இடுப்பு உயரத்துக்கு அவள் வந்துவிட்டால் நான் குனியவேண்டியதில்லை.

நகராட்சிப் பூங்காவில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் உண்டல்லவா? ஜனவரியிலிருந்து அங்கே சைக்கிள் மிதிக்கத் தொடங்கினேன். சுரிதாரோடு மிதிக்கும் என்னை முதலில் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் பக்கத்துக் கருவியில் ஏறிவிட்டார்கள். பிப்ரவரியில் மருத்துவர் பார்த்துவிட்டு, ஐந்து மாதமாக ஒருமுறையும் விலகாததால் அறுவை இப்பொழுது வேண்டாம் என்றார். தொடைகளுக்கிடையே வித்தியாசம் அரை சென்டிமீட்டராகக் குறைந்திருந்தது.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. உள்ளூர் ரயில்கள் நின்றன, பூங்காவைப் பூட்டினார்கள், பயிற்சி நிலையமும் மூடியது. ஒற்றை அறையும் அடுக்களையுமான வீட்டில் நாங்கள் நால்வர். ஓடியாடும் பிள்ளைகளை என்ன செய்வது என்று தெரியாமல், என் பயிற்சிகளையே விளையாட்டாக்கினேன். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி அமர்ந்த நிலையில் யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டி. மகள் உடனே விழுந்துவிடுவாள். மூத்தவன் சில நாள் என்னை வென்றான். வீட்டிலிருந்த என் கணவரை ஒருநாளும் வெல்ல விடவில்லை.

இப்பொழுதும் குறைகள் இல்லாமலில்லை. குதிக்கமாட்டேன், ஓடும் வண்டியில் ஏறமாட்டேன். குதிகாலின்மேல் அமர்ந்து முழங்காற்படியிட இன்னும் முடியவில்லை. தடித்த தலையணை போட்டுச் சிறிது நேரம் நிற்பேன், பின்பு நாற்காலிக்கு வந்துவிடுவேன். மின்விசிறிக் காற்றைக் காட்டிய அந்த அம்மா இரண்டு ஆண்டுக்கு முன் மகனோடு சென்னைக்குச் சென்றுவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இப்பொழுது நான் அமர்ந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் புதிதாய் ஒருவர் வந்திருக்கிறார். அன்று என் விசுவாசத்தைக் கேட்ட அதே சகோதரிதான். அவர்களுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. போன மாதம் ஆராதனை முடிந்ததும், "அந்தத் துண்டைச் சுருட்டி வைப்பாயே, அது எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார்கள். செய்துகாட்டினேன். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன். தலையசைத்தார்கள்.

மழை தொடங்கிவிட்டால் எங்கள் மாடிப்படி இன்றும் அப்படித்தான் வழுக்குகிறது. அன்று என் கையிலிருந்தவள் இப்பொழுது தன் பையைத் தானே சுமந்துகொண்டு பள்ளிக்குச் செல்கிறாள். மாலையில் திரும்பி வரும்பொழுது அவள் எனக்கு இரண்டு படி முன்னால் ஏறுவாள். திருப்பத்தில் நின்று, கைப்பிடிச் சுவரைத் தட்டிக் காட்டி, "அம்மா, நல்ல கால் முதலில்" என்பாள்.